இசைத்தட்டும் கேட்கும் செவியும்

தமிழ் இலக்கணத்தை முறையாகக் கற்றோர் நன்னூலின் பாயிரத்தை எளிதில் மறந்துவிடமாட்டார்கள். பவணந்தி முனிவர் அங்கே மாணாக்கரை மூவகையாகப் பிரித்துக் காட்டுகிறார். அன்னத்தையும் பசுவையும் போன்றவர் தலை மாணாக்கர். மண்ணையும் கிளியையும் போன்றவர் இடை மாணாக்கர். ஓட்டைக் குடம், ஆடு, எருமை, நெய்யரி ஆகியவற்றைப் போன்றவர் கடை மாணாக்கர். அன்னம் பாலையும் நீரையும் பிரித்துப் பாலை மட்டும் பருகும் என்பது புலவர் மரபு. கிளி, சொன்னதைச் சொன்னபடி திருப்பிச் சொல்லும். அதற்கு மேல் ஒன்றும் அறியாது. நெய்யரியோ, நல்ல நெய்யை ஒழுகவிட்டுக் கசடைத் தன்னிடம் நிறுத்திக்கொள்ளும்.

இவ்வுவமைகள் பாடம் கேட்பவனைக் கருதிச் சொல்லப்பட்டவை. ஆயினும் பாட்டுக் கேட்பவனுக்கும் அவை முற்றும் பொருந்துவன. சிறப்பாக, ஒலிப்பதிவு செய்யப்பட்ட இசையைக் கேட்பவனுக்கு அவை மிகவும் வேண்டப்படுவன. இசைத்தட்டிலோ ஒலிநாடாவிலோ பதிந்திருப்பது பாடகரின் கலை மட்டுமன்று. அதனைப் பதிவு செய்த கருவியின் குணமும் குறையும் அதனோடு கலந்தே நிற்கின்றன. பாலும் நீரும் கலந்திருக்கும் அந்தக் கலவையைப் பிரித்துப் பருகத் தெரிந்தவனே நல்ல இரசிகன். கிளியைப் போலக் கேட்பவன் கருவியின் குறையையும் பாடகரின் மரபென்று எண்ணிக் கற்றுக்கொள்வான். நெய்யரியைப் போலக் கேட்பவன், பழைய தட்டின் இரைச்சலை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு, அதனுள் இருந்த இசையைத் தவறவிடுவான்.

இது வெறும் இரசனை பற்றிய பேச்சு என்று எவரும் ஒதுக்கிவிடலாகாது. இதனால் விளையும் நன்மை தீமைகள் மெய்யானவை. யாழ்ப்பாணத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வட இலங்கைச் சங்கீத சபையின் தேர்வுக்குப் பயிலும் மாணவி ஒருத்தியை எண்ணிப் பார்க்கலாம். அவளுடைய கைத்தொலைபேசியில் ஏறக்குறைய நூறு ஆண்டுகளுக்கு முன் வெளிவந்த இசைத்தட்டு ஒன்றின் பிரதி இருக்கிறது. பாடியவர் பெயர்பெற்ற விதுஷி. மாணவி தன் சுருதிப்பெட்டியை அப்பாட்டோடு இணைத்துப் பார்க்கிறாள். ஆறு கட்டையில் வந்து நிற்கிறது. தானும் ஆறு கட்டையிலேயே பாட முயல்கிறாள். மேல் ஸ்தாயியில் தொண்டை இறுகுகிறது. சில நாட்களில் குரல் கம்முகிறது. அந்தப் பெரிய விதுஷிக்குக் கைவந்த சுருதி தனக்குக் கைவரவில்லையே என்று அவள் மனம் சோர்கிறாள். உண்மையில் அவள் குரலில் ஒரு குறையும் இல்லை. அந்த விதுஷி பாடியதும் ஐந்து கட்டையிலேதான். பிழை வேறோர் இடத்தில் இருக்கிறது. அது எங்கே இருக்கிறது என்பதை அறிவதற்கு இசைத்தட்டின் வரலாற்றைச் சற்றே அறிந்துகொள்ளுதல் வேண்டும்.

மனிதக் குரலைப் பிடித்து வைத்து மீண்டும் ஒலிக்கச் செய்யும் கருவியை அமெரிக்கராகிய தோமஸ் எடிசன் 1877-ஆம் ஆண்டில் அமைத்தார். அவர் பயன்படுத்தியது வெள்ளீயத் தாள் சுற்றிய ஓர் உருளை. பத்து ஆண்டுகளின் பின், 1887-இல், எமில் பேர்லினர் என்பவர் உருளைக்குப் பதிலாகத் தட்டையான வட்டைக் கையாண்டு கிராமபோனுக்கு வழிவகுத்தார். ஒரே அச்சிலிருந்து பல பிரதிகளை எடுக்கத்தக்க வசதி தட்டுக்கு இருந்தமையால், உலகெங்கும் பரவியது தட்டே.

1902-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் பிரெட் கெய்ஸ்பேர்க் என்னும் ஒலிப்பதிவாளர் கல்கத்தாவுக்கு வந்து, இந்தியப் பாடகர்களின் குரல்களைப் பதிவு செய்தார். அவர் பதிவு செய்தவருள் தலைசிறந்தவர் கௌஹர் ஜான் என்னும் அம்மையார். அவருடைய தட்டுகளைக் கேட்போர் ஒரு புதுமையைக் காண்பர். பாட்டு முடிந்தவுடன் அம்மையார் தம் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொல்லி முடிப்பார். அது தற்பெருமையால் எழுந்த வழக்கமன்று. பதிவு செய்யப்பட்ட மூலங்கள் ஜெர்மனியில் உள்ள ஹனோவர் நகருக்கு அனுப்பப்பட்டு, அங்கேதான் தட்டுகளாக அச்சிடப்பட்டன. மொழி அறியாத அந்நாட்டுத் தொழிலாளர் எந்தப் பாட்டு எவருடையது என்று அடையாளங் கண்டு பெயர்ச்சீட்டு ஒட்டுவதற்காகவே இவ்வாறு பெயர் சொல்லப்பட்டது. 1908-இல் கல்கத்தாவிலேயே இசைத்தட்டுத் தொழிற்சாலை ஏற்பட்ட பின்னரும் அவ்வழக்கம் சில காலம் நீடித்தது. இச்சிறு செய்தியை நேயர்கள் நினைவில் வைத்திருத்தல் நன்று. மாணவியின் இடர்ப்பாட்டைத் தீர்க்க அது பின்னர் உதவும்.

அந்நாளைய ஒலிப்பதிவில் மின்சாரத்துக்கு இடமிருக்கவில்லை. பாடகர் ஒரு பெரிய புனலின் வாயருகே நின்று பாடுவார். அவருடைய குரலின் அதிர்வே ஊசியை அசைத்து மெழுகுத் தட்டில் கோடு கீறும். உரத்த, கூர்மையான குரல்கள் அதில் நன்றாகப் பதிந்தன. மென்மையான ஒலிகள் மறைந்தன. தம்புராவின் நாதம் புனலுக்கு எட்டாது. ஆதலால் ஆர்மோனியத்தைச் சுருதிக்கு வைத்துக்கொள்வதும் உண்டு. மிருதங்கத்தின் தொப்பியிலிருந்து எழும் கனத்த ஒலி ஏறக்குறைய முழுவதும் இழந்துபோகும். இன்று அத்தட்டுகளைக் கேட்கும் ஒருவர், அக்காலத்து மிருதங்க வித்துவான்கள் மெல்லிதாகவே வாசித்தார்கள் என்று முடிவு கட்டினால் அது பெரும் பிழையாகும். வித்துவான் வாசித்தார், புனல் கேட்கவில்லை. கேட்கும் செவிக்கு முதற்பாடம் இதுவே: தட்டில் ஒன்று ஒலிக்கவில்லை என்பதனால் அது பாடப்பெறவில்லை, வாசிக்கப்பெறவில்லை என்று கொள்ளலாகாது.

இரண்டாவது பாடம் காலத்தைப் பற்றியது. பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் ஏறக்குறைய மூன்று நிமிட இசையே அடங்கும். பன்னிரண்டு அங்குலத் தட்டானால் நான்கு நிமிடத்துக்குச் சற்று மேல் அடங்கலாம். கச்சேரி மேடையில் ஓர் இராகத்தை அரைமணி நேரம் விரித்துப் பாடக்கூடிய வித்துவான், ஆலாபனை, கீர்த்தனை, கற்பனாஸ்வரம் எல்லாவற்றையும் இந்தச் சிறு கூட்டுக்குள் அடைக்க வேண்டியிருந்தது. ஆகவே சிலர் காலப்பிரமாணத்தை விரைவுபடுத்தினர். சிலர் சரணங்களைக் குறைத்தனர். ஆலாபனை சில பிடிகளோடு நின்றது. இத்தட்டுகளை மட்டும் கேட்டு வளர்ந்த ஒருவர், முன்னோர் எல்லாரும் விரைவாகவும் சுருக்கமாகவுமே பாடினர் என்று நம்புதல் கூடும். அந்நம்பிக்கையோடு அவர் பாடத் தொடங்கினால், கருவியின் வறுமை மரபின் இலக்கணமாக மாறிவிடுகிறது.

எனினும் இதற்கு மறுபக்கமும் உண்டு. மூன்று நிமிடமே கிடைக்கும் என்று அறிந்த கலைஞன் ஒரு கணத்தையும் வீணாக்குவதில்லை. இராகத்தின் உயிர்நிலையான சஞ்சாரத்தை முதல் மூச்சிலேயே காட்டிவிட வேண்டிய கட்டாயம் அவனுக்கு இருந்தது. திருவாவடுதுறை டி. என். இராஜரத்தினம் பிள்ளை 1898 முதல் 1956 வரை வாழ்ந்த நாதஸ்வரச் சக்கரவர்த்தி. அவர் தோடி இராகத்தைக் கோயில் வீதிகளில் நெடுநேரம் வாசிப்பதைக் கேட்டோர் அதனை வாழ்நாள் முழுவதும் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தனர். இசைத்தட்டில் அவருடைய தோடி சில நிமிடங்களே ஒலிக்கிறது. ஆயினும் அந்தச் சில நிமிடங்களில் காந்தாரம் அசையும் அசைவையும், கீழிருந்து மேலேறும் நீண்ட மூச்சையும் கூர்ந்து கேட்பவருக்குத் தோடியின் முகம் தெளிவாகத் தெரியும். குறுகிய கண்ணாடியிலும் மலை தெரியத்தான் செய்கிறது. மலையின் அளவு கண்ணாடியின் அளவே என்று எண்ணாதிருந்தாற் போதும்.

இவ்வாறு தட்டைக் கூர்ந்து கேட்ட ஒருவருடைய வரலாறு இங்கே சொல்லத்தக்கது. கோயம்புத்தூர் தாயி என்னும் அம்மையார் 1872 முதல் 1917 வரை வாழ்ந்தவர். தென்னிந்தியாவிலிருந்து ஆதியில் இசைத்தட்டுக் கொடுத்த பாடகியருள் ஒருவர். மொறிஸ் டெலாஜ் என்னும் பிரெஞ்சு இசைப்புலவர் 1912-இல் இந்தியாவுக்கு வந்தார். தாயியின் இசைத்தட்டு அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. தமிழ் மொழியோ கர்நாடக சங்கீதத்தின் இலக்கணமோ அவர் முறையாகப் பயின்றவரல்லர். ஆயினும் அத்தட்டை மீண்டும் மீண்டும் கேட்டு, குரலின் நெளிவையும் அசைவையும் குறித்து, அதனை அடிப்படையாக வைத்து 'ராகமாலிகா' என்னும் பெயரில் பாட்டும் பியானோவும் இணைந்த ஓர் இசைப்படைப்பை இயற்றினார். அதன் ஓரிடத்தில் பியானோவின் தந்திக்கு அடியிலே அட்டைத்துண்டு ஒன்றைச் செருகும்படி அவர் குறித்திருக்கிறார். பியானோவின் இயல்பான நாதம் தாம் தட்டிற் கேட்ட ஒலிக்கு ஒத்துவரவில்லை என்று உணர்ந்து, கருவியின் குரலையே மாற்றத் துணிந்த செவி அது. மூன்று நிமிடத் தட்டு ஒன்று, கடல் கடந்த ஒருவரை இவ்வளவு தூரம் அழைத்துச் செல்லுமாயின், அத்தட்டின் மொழியையே தாய்மொழியாகக் கொண்டவர் அதனைச் சமையல் வேலைக்குப் பின்னணி ஓசையாக மட்டும் வைத்திருப்பது இரங்கத்தக்கது.

1925-ஆம் ஆண்டளவில் ஒலிப்பதிவில் பெரியதொரு மாற்றம் நிகழ்ந்தது. புனலின் இடத்தை ஒலிவாங்கி பிடித்துக்கொண்டது. மின்சாரத்தின் உதவியால் மெல்லிய குரலும், வயலினின் நுண்ணிய இழைவும், மிருதங்கத்தின் கும்காரமும் தட்டில் ஏறத் தொடங்கின. இலங்கையிலும் அதே 1925-இல் கொழும்பிலிருந்து வானொலி ஒலிபரப்பு முறையாகத் தொடங்கியது. ஒலிவாங்கி பாடும் முறையையே மாற்றியது எனலாம். அதற்கு முன் நாடகக் கொட்டகையின் கடைசி வரிசையில் இருப்பவருக்கும் கேட்குமாறு நடிகன் உச்சக் குரலிற் பாட வேண்டியிருந்தது. எஸ். ஜி. கிட்டப்பா 1906-இல் பிறந்து 1933-இல் மறைந்தவர். அவரும் கே. பி. சுந்தராம்பாளும் இலங்கையிலும் நடித்துப் புகழ்பெற்றவர்கள். அவர்கள் இசைத்தட்டுகளைக் கேட்கும்போது, கூரையைத் துளைத்தெழும் அந்த ஓங்கிய குரலை வெறும் தொண்டை வலிமை என்று கொள்ளாமல், ஒலிபெருக்கி இல்லாத மேடையொன்றின் தேவையாகவும் உணர்தல் வேண்டும்.

முதல் தமிழ்ப் பேசும் படமாகிய 'காளிதாஸ்' 1931-இல் வெளிவந்தது. தொடக்ககாலத் திரைப்படங்களில் பாடியோர் பெரும்பாலும் நாடக மேடையிலிருந்து வந்தவர்களே. ஆதலின் எம். கே. தியாகராஜ பாகவதரின் பாட்டில் மேடையின் கம்பீரம் நிறைந்திருக்கிறது. பின்னர்ப் பின்னணிப் பாடகர் என்னும் புது மரபு தோன்றியது. ஒலிவாங்கிக்கு ஒரு சாண் தூரத்தில் நின்று, காதோடு காதாகச் சொல்வது போலப் பாடும் முறை அதிலிருந்து வளர்ந்தது. பாகவதர் பாட்டொன்றையும் ஐம்பதுகள், அறுபதுகளில் வெளிவந்த மென்மையான திரைப்பாட்டொன்றையும் அடுத்தடுத்துக் கேட்டால், இந்த வேறுபாடு இசைப்பயிற்சி இல்லாதவருக்கும் விளங்கும். இரண்டில் எது உயர்ந்தது என்ற வழக்கு இங்கே வேண்டியதில்லை. ஒவ்வொன்றும் எந்தக் கருவிக்காகவும் எந்தச் சபைக்காகவும் பாடப்பெற்றது என்று அறிந்து கேட்டால் இரண்டிலும் சுவை மிகும்.

இலங்கை வானொலியின் நேயர்கள் இவ்வகையில் ஒரு பேறு பெற்றவர்கள். 1950-களில் இந்திய வானொலி திரைப்பாடல்களைக் குறைத்துக்கொண்ட காலத்தில், கடலுக்கு அப்பாலும் ஆயிரமாயிரம் இல்லங்கள் இலங்கை வானொலியைத் திருப்பின. பாடல் ஒலிக்குமுன் அது இடம்பெற்ற படம், பாடியவர், இசையமைத்தவர், இயற்றியவர் ஆகியோரின் பெயர்களைச் சொல்லுவது தமிழ்ச் சேவை அறிவிப்பாளரின் வழக்கமாயிருந்தது. அது சிறிய செயலாகத் தோன்றலாம். ஆயின் பள்ளிக்கூட வாசலை மிதியாத பலரும் குரலைக் கேட்ட மாத்திரத்தில் இன்னார் என்று சொல்லவும், முன்னிசையைக் கேட்டு இன்னாருடைய இசையமைப்பு என்று ஊகிக்கவும் பழகியது இவ்வழக்கத்தினாலேயே. பெயரறிந்து கேட்பது ஆய்ந்து கேட்பதன் முதற்படி. இக்காலத்தில் கைத்தொலைபேசியில் பாடல்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தாமே வந்து ஒலிக்கின்றன. பெயரை நோக்குவோர் சிலரே. முன்னர் அறிவிப்பாளர் செய்த பணியை இன்று கேட்பவரே தமக்குத் தாம் செய்துகொள்ள வேண்டியிருக்கிறது.

1948-இல் நிமிடத்துக்கு 33⅓ சுற்றுச் சுழலும் நெடுந்தட்டு வெளிவந்தது. அதன் ஒரு பக்கத்தில் இருபது நிமிடத்துக்கு மேல் இசை அடங்கியது. மூன்று நிமிடச் சிறை உடைந்தது; இராகம் மூச்சுவிட இடம் கிடைத்தது. அக்காலத்திலேயே காந்த ஒலிநாடாவும் பரவியது. நாடாவினால் முழுக் கச்சேரியையும் அப்படியே பதிவு செய்ய முடிந்தது. அதே நாடாவை வெட்டவும் ஒட்டவும் முடிந்தது. ஆகவே அன்றுமுதல் கேட்பவர் ஒரு புதிய கேள்வியைத் தமக்குள் கேட்டுக்கொள்ள வேண்டியவரானார்: இது ஒரே அமர்வில் பாடப்பெற்றதா, அன்றிப் பல துண்டுகளை இணைத்து ஆக்கப்பெற்றதா? கலையகப் பதிவில் பிழைகள் நீக்கப்பட்டிருக்கும். ஆனால் சபையின் சூடு இராது. சபைப் பதிவில் இருமல் கேட்கும், சுருதி சேர்ப்பது கேட்கும். பாடகர் எதிர்பாராத ஒரு பிடியைப் பிடித்தவுடன் வயலின்காரர் விடும் பெருமூச்சும் கேட்கும். இரண்டும் வேறுவேறு ஆவணங்கள். இரண்டையும் ஒரே துலாக்கோலில் நிறுத்தலாகாது.

நாடாவின் பெருமையை இலங்கைத் தமிழர் உணர்வதற்கு ஒரு பெயரே போதும். தவில் மேதை யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி 1933-இல் பிறந்து 1975-இல் மறைந்தார். அதன்பின் பிறந்தவர்க்கு அவருடைய கைவண்ணத்தை அறிய ஒலிப்பதிவுகளைத் தவிர வேறு வழி இல்லை. அப்பதிவுகளைக் கேட்பதற்கும் ஒரு பக்குவம் வேண்டும். திறந்த வெளியில் செய்த பதிவில் ஒலிவாங்கி தவிலுக்கு அருகே இருந்தால் நாதஸ்வரம் பின்னே ஒதுங்கியது போலத் தோன்றும். தவில்காரர் நாதஸ்வரத்தை அமுக்கிவிட்டார் என்று அவசரப்பட்டுத் தீர்ப்புக் கூறுவது தகாது. ஒலிவாங்கி எங்கே இருந்தது என்று முதலில் எண்ணிப் பார்த்து, அதன்பின் இருவருக்குமிடையே நடக்கும் கேள்வி மறுமொழியைப் பின்தொடர்ந்தால், இலயத்தின் நுட்பம் ஒவ்வொன்றாக வெளிப்படும்.

1950-களின் இறுதியில் இருபுற ஒலிப்பதிவு இசைத்தட்டில் வந்தது. வயலின் ஒரு பக்கமும் மிருதங்கம் மறுபக்கமும் இருப்பது போன்ற தோற்றம் உண்டாயிற்று. 1982-இல் இறுவட்டு விற்பனைக்கு வந்தது. இறுவட்டில் ஒலி அலை, வினாடிக்கு 44,100 முறை அளக்கப்பட்டு எண்களாகப் பதிகிறது. 1990-களில் எம்பி3 என்னும் சுருக்குமுறை பரவியது. பெரிய ஒலியொன்றின் நிழலில் மறையும் சிறிய ஒலிகளை மனிதச் செவி உணராது என்று கணக்கிட்டு, அவற்றைக் கழித்துவிடுவது அம்முறை. அதிகமாகச் சுருக்கப்பட்ட பதிவில் தம்புராவின் நாதமும் சபையின் ஓசையும் மங்கிக் கரகரப்பது இதனாலேயே. பழைய தட்டின் இரைச்சலை நீக்கும் கருவியும் அவ்வாறே; அளவு மீறினால், இரைச்சலோடு குரலின் ஒளியையும் துடைத்துவிடும்.

1997-ஆம் ஆண்டுமுதல் தவறிய சுருதியைத் தானே திருத்தும் கணினி முறையும் வழக்கில் உள்ளது. ஐரோப்பிய இசையின் பன்னிரு நிலைகளில் குரலைக் கொண்டுபோய் நிறுத்துமாறு அதனை அமைத்தால், சுரங்களுக்கு இடையே ஊசலாடி உயிர்தரும் கமகம் மழுங்கிவிடும். 2024-இல் வெளிவந்த 'லால் சலாம்' திரைப்படத்திலோ, மறைந்த பாடகர்களாகிய சாகுல் ஹமீது, பம்பா பாக்யா இருவரின் குரல்களும் குடும்பத்தாரின் இசைவுடன் கணினியால் ஆக்கப்பெற்றுப் பாடலில் ஒலித்தன. அங்கே அது வெளிப்படையாகச் சொல்லப்பட்டது. சொல்லப்படாமல் வரும் குரல்களும் இருக்கக்கூடும். பாடாத பாட்டையும் பாடியது போற் கேட்பிக்க இயலும் காலத்தில், ஆய்ந்து கேட்கும் செவி ஆடம்பரப் பொருளாக இருக்க முடியாது.

இத்தகைய செவியைப் பெறும் வழி யாது? மீண்டும் நன்னூலாரிடமே செல்லலாம். ஒருமுறை கேட்டவன் இரண்டாம் முறையும் கேட்பானாயின் பிழை குறையும் என்றும், மூன்றாம் முறை கேட்பானாயின் முறையறிந்து எடுத்துரைக்கும் ஆற்றல் உண்டாகும் என்றும் அவர் கருதுகிறார். இசைக்கும் இம்மூன்று கேள்விகளும் பொருந்தும்.

முதற்கேள்வி முழுமைக்கு உரியது. வேறு அலுவல் எதுவுமின்றி அமர்ந்து, ஒரே ஒரு பாட்டைத் தொடக்கமுதல் இறுதிவரை கேட்க வேண்டும். எந்த இடம் உள்ளத்தைத் தொட்டது என்பதை மட்டும் மனத்திற் குறித்துக்கொள்ள வேண்டும். அப்போது ஆராய்ச்சி வேண்டா. உள்ளம் தோயாத இடத்தில் ஆராய்ச்சி பயனற்றது.

இரண்டாங்கேள்வி உறுப்புகளுக்கு உரியது. ஒருமுறை சுருதியை மட்டும் பின்தொடரலாம். மற்றொருமுறை பாடகரை விட்டுவிட்டு வயலினை மட்டும் பின்தொடரலாம். ஆலாபனையில் அது பாடகரின் சொல்லை ஒரு கணம் பின்தங்கி எவ்வாறு வாங்கிக்கொள்கிறது என்பது புலனாகும். கையால் தாளம் போட்டு, பாட்டு சமத்தில் எடுக்கிறதா, அரை இடம் தள்ளி எடுக்கிறதா என்று பார்க்கலாம். கீர்த்தனையாயின் பல்லவி, அநுபல்லவி, சரணம் எனப் பிரித்துக்கொள்ளலாம். விருத்தமாயின் தாளக்கட்டு இன்றிச் சொல்லின் பொருளே இசையை நடத்துவதைக் காணலாம். பதமாயின் நிதானமும், ஜாவளியாயின் துள்ளலும் தெரியவரும்.

மூன்றாங்கேள்வி கருவிக்கு உரியது. இது எந்த ஆண்டுப் பதிவு? புனலா, ஒலிவாங்கியா? கலையகமா, சபையா? எத்தனை நிமிட எல்லைக்குள் பாடப்பெற்றது? மூல வேகத்தில் ஒலிக்கிறதா? இவ்வைந்து வினாக்களுக்கும் விடை தேடினால் பாலும் நீரும் தாமே பிரியும்.

இதன்பின் செய்யத்தக்கது ஒப்பீடு. ஒரே கீர்த்தனையை மூவர் பாடிய பதிவுகளைத் தேடி எடுத்துக் கேட்கலாம். ஜி. என். பாலசுப்பிரமணியம் 'வாசுதேவயனி' என்னும் கல்யாணி இராகக் கீர்த்தனையை இசைத்தட்டிற் பாடியிருக்கிறார். அதே கீர்த்தனையை வேறிருவர் பாடியதோடு அதனை ஒப்பிட்டால், மின்னலைப் போன்ற அவருடைய பிருகாக்கள் தனித்துத் தோன்றும். மற்றவருடைய நிதானமும் அப்போதே அருமைப்படும். மேலும், ஆசிரியன் சொன்னதைக் கேட்பதால் கால்பங்கும், உடன் பயில்வோரோடு பழகுவதால் கால்பங்கும், பிறருக்கு எடுத்துரைப்பதால் எஞ்சிய அரைப்பங்குமாகவே கல்வி நிரம்புகிறது என்பது நன்னூலார் கொள்கை. ஆதலின் பாடசாலைகளில் கிழமைக்கு ஒருமுறை அரைமணி நேரம் ஒதுக்கி, ஒரே பாட்டை அனைவரும் கேட்டு, ஒவ்வொருவரும் தாம் கேட்டதைத் தம் சொல்லால் எழுதி வாசித்தல் நலம். அதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. ஒரு சிறிய ஒலிபெருக்கியும், பேசாதிருக்கப் பழகிய முப்பது பிள்ளைகளும் போதும். ஒருவன் கேளாததை மற்றொருத்தி கேட்டிருப்பாள். அதனை அவள் எடுத்துச் சொன்னவுடன் வகுப்பு முழுவதும் மறுமுறை கேட்க விரும்பும். அந்த விருப்பமே இசைக்கல்வியின் வித்து.

இனி, அந்த மாணவியின் இடர்ப்பாட்டுக்கு வருவோர் அதன் விடையை எளிதில் அறிவர். இசைத்தட்டு நிமிடத்துக்கு 78 சுற்று என்று நிலைபெற்றது 1920-களின் நடுப்பகுதிக்குப் பின்னரே. அதற்கு முன் ஒவ்வொரு பதிவும் ஒவ்வொரு வேகத்தில் நடைபெற்றது. 70 சுற்றில் பதிவான தட்டை 78 சுற்றில் ஓட்டினால் வேகம் மட்டுமன்றிச் சுருதியும் ஏறும். ஏறக்குறைய இரண்டு அரைச்சுரம் உயர்ந்து, ஐந்து கட்டை ஆறு கட்டையாகி நிற்கும். தட்டைப் பிரதி செய்தவர் இதனைக் கவனியாது விட்டார். மாணவி தன் தொண்டையால் அத்தவறுக்கு விலை கொடுத்தாள்.

அவளுடைய ஆசிரியை செவிப்பயிற்சி உடையவராயின் இதனை எவ்வாறு கண்டுபிடிப்பார்? குரல் இயல்புக்கு மீறிச் சிறுமியின் குரல்போல் மெலிந்திருத்தல் முதற்குறி. கமகங்கள் பதறித் துடித்தல் இரண்டாங்குறி. மூன்றாவதும் நம்பத்தக்கதுமான குறி, பாட்டின் இறுதியில் விதுஷி தம் பெயரைச் சொல்லும் பேச்சுக்குரல். பாட்டின் வேகம் எதுவாகவும் இருக்கலாம். மனிதர் தம் பெயரைச் சொல்லும் வேகமும் குரலும் எவருக்கும் பழக்கமானவை. பெயர் சொல்லும் குரல் கிறீச்சிட்டு ஓடுமாயின் தட்டு மிகைவேகத்தில் ஓடுகிறது என்பது தெளிவு. ஹனோவர் நகரத்துத் தொழிலாளருக்காகத் தோன்றிய வழக்கம், நூறாண்டு கழிந்தபின் யாழ்ப்பாணத்து மாணவி ஒருத்தியின் குரலைக் காப்பதற்கு உதவுகிறது.

சுருதியும் வேகமும் ஒருங்கே தாழுமாறு அப்பிரதியை ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு மெதுவாக ஓட்டினால், விதுஷி தம் சொந்தக் குரலில், தம் சொந்த நிதானத்தில் பாடத் தொடங்குவார். கமகங்கள் அவிழ்ந்து விரியும். சுருதிப்பெட்டி ஐந்து கட்டையில் இணையும். மாணவியும் உடன் பாடுவாள்; தொண்டை இறுகாது. தன் குரலைப் பற்றி அவள் கொண்டிருந்த ஐயமும் அன்றோடு நீங்கும். பாடிய பெரியவருக்கும் நீதி கிடைக்கும். அவர் ஒருநாளும் பாடாத பதற்றமான பாட்டொன்று அவர் பெயரால் இனி உலவாது.

வள்ளுவர் கல்விக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். அத்தோடு அமையாது கேள்விக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். கேட்பதும் கல்வியைப் போலவே முயன்று பெறவேண்டியது என்பதற்கு அதுவே சான்று. இல்லந்தோறும் இசை கொட்டிக் கிடக்கும் காலம் இது. இன்றிரவு வானொலியிலோ வேறு கருவியிலோ ஒலிக்கும் பழைய பாட்டொன்றை நேயர் ஒருவர் மும்முறை கேட்பாராயின், மூன்றாம் முறையில் அப்பாட்டோடு, அதனைப் பாடியவர் நின்ற இடமும் அவர் முன்னிருந்த கருவியும் அவர் செவிக்குப் புலப்படும். அன்னத்தின் அலகு அன்றே அவருக்கு வாய்த்துவிடும்.